அமெரிக்கத் தொழிற்கல்வி ஆசிரியர் சங்கம் – ஒரு வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளிலும் சமுதாயக் கல்லூரிகளிலும் தச்சு, வெல்டிங், மோட்டார் பழுதுபார்ப்பு, வேளாண்மை, மனையியல், நோயாளர் பராமரிப்பு, வணிகம் முதலான தொழில்களைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கென ஒரு தேசிய அமைப்பு உண்டு. 'அசோசியேஷன் ஃபார் கரியர் அண்ட் டெக்னிக்கல் எஜுகேஷன்' என்பது அதன் பெயர். ஏ.சி.டி.இ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இச்சங்கத்தின் தலைமையகம் வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்சாந்திரியா நகரில் உள்ளது. 1906-ல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட ஒரு கழகமே இதன் வேர். 1925-ல் அது அமெரிக்கத் தொழிற்கல்விச் சங்கம் ஆயிற்று. இன்றைய பெயர் 1998-ல் வந்தது.

இதன் வரலாற்றில் கவனிக்கத் தக்க செய்தி ஒன்று உண்டு. தொடக்கத்தில் இது ஆசிரியர்களின் சங்கமாக இருக்கவில்லை. தொழிற்கல்வி வேண்டும் என்று விரும்பிய ஆலை அதிபர்களும் கல்வி நிர்வாகிகளும் சமூகப் பணியாளர்களும் கூடிய கழகமாகவே இருந்தது. பட்டறையில் நின்று பாடம் நடத்திய ஆசிரியர்கள் பின்னர் ஒவ்வொருவராகச் சேர்ந்து அதைத் தமதாக்கிக் கொண்டார்கள். அது எப்படி நடந்தது, அதனால் அவர்கள் பெற்றது என்ன, அங்கே யாருக்கு இடம் கிடைக்காமல் போயிற்று என்பதை இக்கட்டுரை கூறுகிறது.

பின்னணி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஒரு சிறுவன் தொழில் கற்றுக்கொண்ட இடம் தொழிலாளியின் பட்டறை. சில ஆண்டுகள் எடுபிடியாக இருந்து, பிறகு கருவியைத் தொட்டு, கடைசியில் தானே தொழிலாளி ஆவான். பெரிய ஆலைகளும் இயந்திரங்களும் வந்தபின் இந்தப் பழகுநர் முறை தளர்ந்தது. ஒரு பொருளை முழுவதுமாகச் செய்யத் தெரிந்த தொழிலாளிக்குப் பதிலாக, ஒரே இயந்திரத்தை இயக்கும் கூலியாள் போதும் என்ற நிலை ஏற்பட்டது. தொழில் கற்றுக்கொடுக்க ஆலைக்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை.

பள்ளிகள் இந்த இடத்தை நிரப்பலாம் என்ற எண்ணம் 1876-ல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த பெருங்கண்காட்சிக்குப் பின் வலுப்பெற்றது. மாஸ்கோ தொழில்நுட்பப் பள்ளி அங்கே வைத்திருந்த மாதிரிகள், கைத்தொழிலைப் படிப்படியாகப் பாடமாக்கிக் கற்பிக்க முடியும் என்பதைக் காட்டின. கால்வின் உட்வர்ட் என்பவர் செயின்ட் லூயிஸ் நகரில் கைப்பயிற்சிப் பள்ளி ஒன்றை நிறுவினார். அது 1880-ல் திறக்கப்பட்டது. ஆனால் இப்பள்ளிகள் கையையும் கண்ணையும் பழக்கினவே தவிர, ஒரு குறிப்பிட்ட பிழைப்புக்கு மாணவனைத் தயார் செய்யவில்லை.

1906-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டக்ளஸ் ஆணையம் தன் அறிக்கையை வெளியிட்டது. அம்மாநிலத்தில் 14 முதல் 16 வயது வரையிலான ஏறத்தாழ 25,000 பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லாமல், முன்னேற வழியில்லாத சில்லறை வேலைகளிலோ வேலையின்றியோ இருப்பதாக அந்த அறிக்கை தெரிவித்தது. பள்ளி அவர்களுக்கு உதவும் எதையும் கற்பிக்கவில்லை என்பதே அதன் சாரம்.

1906: கூப்பர் யூனியனில் ஒரு கூட்டம்

அந்த ஆண்டு நவம்பர் மாதம் நியூயார்க்கின் கூப்பர் யூனியனில் ஒரு கூட்டம் நடந்தது. உழைக்கும் மக்கள் படிப்பதற்காக பீட்டர் கூப்பர் என்ற தொழிலதிபர் 1859-ல் நிறுவிய கல்விக்கூடம் அது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த சார்லஸ் ரிச்சர்ட்ஸ், நியூயார்க் நகரப் பள்ளிகளில் கலை மற்றும் கைப்பயிற்சிப் பிரிவின் பொறுப்பாளராக இருந்த ஜேம்ஸ் ஹேனி ஆகிய இருவரின் முயற்சியால் இக்கூட்டம் கூடியது. தொழிற்கல்வி மேம்பாட்டுக்கான தேசியக் கழகம் இங்கே உருவானது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தலைவராக இருந்த ஹென்றி பிரிட்செட் இதன் முதல் தலைவரானார். சிகாகோவில் ஏழைக் குடியேறிகளுக்காக ஹல் ஹவுஸ் இல்லத்தை நடத்திய ஜேன் ஆடம்ஸும் இதில் பங்கேற்றார்.

இந்தப் பெயர்களைப் பார்த்தாலே கழகத்தின் தன்மை விளங்கும். கருத்தைப் பரப்புவதும், சட்டமன்றங்களை இணங்க வைப்பதுமே இதன் வேலை. 1912-ல் சார்லஸ் பிராசர் இதன் செயலாளரானார். இண்டியானா மாநிலத்தின் எஃகுத் தொழிலாளி ஒருவரின் மகன் அவர். ஆசிரியராக இருந்தவர், சட்டமும் படித்தவர். அவர் வந்தபின் கழகத்தின் கவனம் மாநிலங்களிலிருந்து வாஷிங்டன் பக்கம் திரும்பியது.

யாருக்காகத் தொழிற்கல்வி?

ஒரே கழகத்தில் கூடியிருந்தாலும், அதிலிருந்தவர்களின் நோக்கம் ஒன்றாக இல்லை. பழகுநர்களைச் சேர்ப்பதில் தொழிற்சங்கங்களுக்கு இருந்த பிடியை உடைக்கத் தொழிற்பள்ளிகள் உதவும் என்று உற்பத்தியாளர்களில் பலர் கருதினர். அதே காரணத்துக்காகத் தொழிற்சங்கங்கள் அவற்றைச் சந்தேகித்தன. தனியார் தொழிற்பள்ளியில் பயின்றவன் வேலைநிறுத்தத்தின்போது ஆலைக்குள் நுழைவான் என்பது அவர்களின் அச்சம். சாமுவேல் காம்பர்ஸ் தலைமையிலான அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பு 1910 அளவில் தன் நிலையை மாற்றிக்கொண்டது. தொழிற்கல்வி வரட்டும், ஆனால் அது பொதுப் பள்ளிக்குள், பொதுமக்களின் கட்டுப்பாட்டில் இருக்கட்டும் என்றது.

சிகாகோவில் இந்தப் பூசல் தெருவுக்கே வந்தது. தொழிற்பள்ளிகளுக்குப் பொதுப் பள்ளிகளிலிருந்து பிரிந்த தனி நிர்வாகம் வேண்டும் என்று எட்வின் கூலி முன்வைத்த மசோதாவை, அந்நகரின் தொழிலாளர் அமைப்பும் ஆசிரியர் அமைப்பும் சேர்ந்து எதிர்த்தன. வணிகர்கள் அதை ஆதரித்தனர். மசோதா நிறைவேறவில்லை.

தத்துவ அறிஞர் ஜான் டூயியும் இவ்விவாதத்தில் இறங்கினார். மாசசூசெட்ஸ் கல்வி ஆணையராக இருந்த டேவிட் ஸ்னெடனுக்கும் அவருக்கும் 1915-ல் 'நியூ ரிபப்ளிக்' இதழில் நடந்த வாதம் கல்வி வரலாற்றில் பெயர் பெற்றது. உற்பத்திக்கு ஏற்ற ஆளை உருவாக்குவது கல்வியின் கடமைகளில் ஒன்று என்றார் ஸ்னெடன். இருக்கிற தொழில்முறைக்குப் பிள்ளைகளைப் பொருத்தி வைப்பது கல்வி ஆகாது, அந்த முறையைப் புரிந்துகொண்டு மாற்றும் திறனையும் கல்வி தர வேண்டும் என்பது டூயியின் நிலை. பணக்காரப் பிள்ளைக்கு ஒரு பள்ளி, கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு இன்னொரு பள்ளி என்று பிரிந்துவிடும் என அவர் எச்சரித்தார். இந்தக் கேள்வி நூறாண்டு கடந்தும் தீரவில்லை.

1917: ஸ்மித்–ஹியூஸ் சட்டம்

பிராசரும் கழகமும் பாடுபட்டுக் கொண்டுவந்த சட்டம் 1917 பிப்ரவரி 23 அன்று குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனின் கையொப்பம் பெற்றது. ஜார்ஜியா மாநிலத்தின் ஹோக் ஸ்மித், டட்லி ஹியூஸ் ஆகிய இருவரின் பெயரால் இது ஸ்மித்–ஹியூஸ் சட்டம் எனப்படுகிறது. கல்லூரி நிலைக்குக் கீழான தொழிற்கல்விக்கு மத்திய அரசு தொடர்ந்து பணம் தர வகைசெய்த முதல் சட்டம் இது. முதலாண்டில் சுமார் 17 லட்சம் டாலராகத் தொடங்கிய தொகை, ஆண்டுதோறும் உயர்ந்து பத்தாண்டுக்குள் 70 லட்சம் டாலரைத் தாண்டியது. மத்திய அரசு தரும் ஒவ்வொரு டாலருக்கும் மாநிலமோ உள்ளூர் நிர்வாகமோ ஒரு டாலர் போட வேண்டும் என்பது விதி.

இப்பணம் முக்கியமாக எதற்குச் செலவானது என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டடத்துக்கோ இயந்திரத்துக்கோ அல்ல. வேளாண்மை, கைத்தொழில், மனையியல் ஆசிரியர்களின் சம்பளத்துக்கும், அத்தகைய ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்கும். கைத்தொழில் பள்ளியில் பாதி நேரமாவது செய்முறை வேலை இருக்க வேண்டும், வேளாண்மை மாணவன் ஆண்டில் ஆறு மாதமாவது மேற்பார்வையுடன் பண்ணை வேலை செய்ய வேண்டும் என்று சட்டம் வரையறுத்தது.

இவ்வாறாக ஒரு புதிய ஆசிரியர் வர்க்கம் பிறந்தது. தொழிலைச் செய்து தேர்ந்தவரே அதைக் கற்பிக்க முடியும் என்பது பிராசரின் உறுதியான கொள்கை. எனவே கடைசல் இயந்திரத்தில் பல்லாண்டு நின்றவர், குழாய் பொருத்தியவர், அச்சுக் கோத்தவர் ஆகியோர் பள்ளிக்கு வந்தனர். பலரிடம் பட்டம் இல்லை. தொழில் அத்துப்படி. ஆனால் முப்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் எப்படிக் கவனிப்பது, எதை முதலில் சொல்வது, எப்படி மதிப்பெண் போடுவது என்பது புதிது. பள்ளியின் மற்ற ஆசிரியர்கள் அவர்களைத் தம்மில் ஒருவராக எண்ணவில்லை. பழைய பட்டறைத் தோழர்களுக்கோ அவர்கள் வாத்தியார்கள். கணித ஆசிரியருக்கு அதே பள்ளியில் நாலு கணித ஆசிரியர்கள் துணை. வெல்டிங் ஆசிரியருக்கு அவர் மட்டுமே துணை. நம் மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்பிரிவு ஆசிரியராக இருந்தவர்களுக்கு இந்தத் தனிமையை விளக்க வேண்டியதில்லை.

சங்கம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. மாநில மாநாட்டில் தன்னைப் போன்ற நூறு பேரைப் பார்க்கும்போதுதான், தான் ஒரு துறையைச் சேர்ந்த ஆசிரியர் என்ற எண்ணம் அவருக்கு ஏற்படும். பயிற்சித் தாள்களைப் பரிமாறிக் கொள்ளலாம். விபத்து நேராமல் பட்டறையை அமைக்கும் முறையைக் கேட்டறியலாம். பாடத்துக்கு ஏற்ற கருவி எது என்று அனுபவப்பட்டவரிடம் விசாரிக்கலாம்.

1925: இரண்டு சங்கங்கள் ஒன்றாயின

சட்டம் வந்தபின் பழைய கழகம் தேசியத் தொழிற்கல்விக் கழகம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இதற்கிடையில் 1914-லேயே நாட்டின் நடுமேற்குப் பகுதியில் தொழிற்கல்விச் சங்கம் ஒன்று தனியாகத் தோன்றியிருந்தது. இரண்டும் 1925 டிசம்பரில் ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் இணைந்து அமெரிக்கத் தொழிற்கல்விச் சங்கம் ஆயின.

இது வெறும் இணைப்பு அன்று. சட்டம் கிடைத்துவிட்டதால் பிரசாரக் கழகத்தின் முதல் வேலை முடிந்திருந்தது. இப்போது நாடெங்கும் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் பணியில் இருந்தார்கள். மாநிலச் சங்கங்கள் தேசியச் சங்கத்தோடு இணைந்தன. வேளாண்மை, மனையியல், கைத்தொழில், வணிகம் எனப் பாடவாரியான பிரிவுகள் வளர்ந்தன. ஆலை அதிபர்கள் முன்வரிசையிலிருந்து விலக, ஆசிரியர்களும் மேற்பார்வையாளர்களும் அங்கே வந்து அமர்ந்தனர்.

வாஷிங்டனில் ஒரு குரல்

1930-களின் நெருக்கடிக் காலத்தில் அரசுச் செலவுகள் வெட்டப்பட்டபோது, சங்கத்தின் பலம் வெளிப்பட்டது. எல்.எச். டென்னிஸ் முழுநேரச் செயலாளராகப் பொறுப்பேற்றார். ஜார்ஜியாவின் செனட்டர் வால்டர் ஜார்ஜ் தொழிற்கல்விக்குத் தொடர்ந்து துணைநின்றார். 1929, 1934, 1936, 1946 ஆகிய ஆண்டுகளில் வந்த நான்கு நிதிச் சட்டங்களும் அவர் பெயரைத் தாங்கியவை. 1936-ன் ஜார்ஜ்–டீன் சட்டம் விற்பனைத் தொழில்களையும் தொழிற்கல்விக்குள் சேர்த்தது.

ஆனால் பலம் வளர்ந்தபோது விமர்சனமும் வளர்ந்தது. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1936-ன் சட்டத்தில் மனமில்லாமல்தான் கையெழுத்திட்டார். உடனே தொழிற்கல்வித் திட்டத்தை ஆராய ஒரு குழுவையும் அமைத்தார். ஃபிளாய்ட் ரீவ்ஸ் தலைமையிலான அக்குழுவின் பணி பின்னர் கல்வி முழுவதற்கும் விரிந்தது. 1938-ல் வெளிவந்த அதன் ஆய்வுகள், சட்டம் பாடங்களை மிகக் குறுகலாக வரையறுப்பதையும், தொழிற்கல்வித் துறையினரே தம் பங்குக்காக அழுத்தம் கொடுப்பதையும் குறை கூறின. தன் உறுப்பினரின் வேலையைக் காக்கும் சங்கம், மாறவேண்டிய பாடத்தையும் சேர்த்துக் காத்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. பண்ணைகளில் ஆட்கள் குறைந்துகொண்டிருந்த காலத்திலும் வேளாண்மைக்கான ஒதுக்கீடு சட்டத்தில் தனியாகவே நின்றது.

வெளியே நின்றவர்கள்

தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கும் வெள்ளையருக்கும் தனித்தனிப் பள்ளிகள் இருந்த காலம் அது. ஸ்மித்–ஹியூஸ் பணத்தைப் பங்கிடும் அதிகாரம் மாநிலங்களிடம் இருந்ததால், கறுப்பினப் பள்ளிகளுக்குச் சேர்ந்தது அவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற பங்கு அன்று. அப்பள்ளிகளின் வேளாண்மை ஆசிரியர்கள் தமக்கென அமைப்புகளைக் கட்டிக்கொண்டார்கள்.

வேளாண்மை மாணவர்களுக்காக 1928-ல் தொடங்கிய எஃப்.எஃப்.ஏ. அமைப்பில் தெற்கின் கறுப்பின மாணவர்களுக்கு இடமில்லை. அவர்களின் ஆசிரியர்கள் வர்ஜீனியாவில் தொடங்கிய முயற்சி, 1935-ல் அலபாமாவின் டஸ்கீகியில் என்.எஃப்.ஏ. என்ற தேசிய அமைப்பாக உருவெடுத்தது. பேச்சுப் போட்டி, பண்ணைத் திட்டப் போட்டி, மாநாடு எனத் தலைவர்களை உருவாக்கும் களமாக அது இருந்தது. 1965-ல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களோடு அது எஃப்.எஃப்.ஏ.வில் இணைந்தது.

இணைப்பு நீதியானதே. ஆனால் என்.எஃப்.ஏ.வின் பெயரும் சின்னமும் பொறுப்பாளர் பதவிகளும் மறைந்தன. கறுப்பின ஆசிரியர்கள் வழிநடத்திய மேடைகள் இல்லாமற்போயின. எஃப்.எஃப்.ஏ.வின் தேசியத் தலைவராக ஒரு கறுப்பின மாணவர், கோரி ஃப்ளார்னாய், தேர்வாக 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சேர்ந்துகொள்ளலாம் என்று கதவைத் திறப்பது ஒன்று. உள்ளே வந்தவருக்கு இருக்கை தருவது வேறொன்று. எந்தச் சங்கத்தின் வரலாற்றையும் இந்த அளவுகோலால் பார்க்க வேண்டும்.

பெயர்கள் மாறிய காலம்

1961-ல் குடியரசுத் தலைவர் கென்னடி நியமித்த ஆலோசகர் குழுவின் பரிந்துரைகளின் அடிப்படையில், 1963 டிசம்பரில் தொழிற்கல்விச் சட்டம் வந்தது. அப்போது கையெழுத்திட்டவர் லிண்டன் ஜான்சன். எந்தப் பாடத்துக்குப் பணம் என்ற கேள்வியை அது பின்னுக்குத் தள்ளி, எந்த மாணவருக்குப் பணம் என்று கேட்டது. 1968-ன் திருத்தம் ஏழைகளுக்கும் உடற்குறை உள்ளோருக்கும் தனி ஒதுக்கீடு செய்தது. 1976-ன் திருத்தம் ஆண்களுக்குப் பட்டறை, பெண்களுக்குச் சமையல் என்ற பழைய பிரிவினையைக் களைய மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. 1984-ல் கென்டக்கி உறுப்பினர் கார்ல் பெர்கின்ஸின் பெயரால் வந்த சட்டம் இன்றும் திருத்தங்களோடு நடைமுறையில் உள்ளது. கடைசியாக 2018-ல் புதுப்பிக்கப்பட்டது.

இதற்குள் 'வொகேஷனல்' என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் ஓர் இழிவு ஒட்டிக்கொண்டது. படிப்பு வராதவர்களை அனுப்பும் இடம் என்ற எண்ணம் பரவியது. 1998-ல் சங்கம் தன் பெயரிலிருந்து அச்சொல்லை நீக்கியது. மத்தியச் சட்டம் அதே மாற்றத்தைச் செய்தது 2006-ல், அதாவது எட்டாண்டுகளுக்குப் பின். பெயர் மாறினால் மதிப்பு வந்துவிடுமா என்று கேட்கலாம். வராதுதான். ஆனால் தம் பாடத்தை எப்படி அழைக்க வேண்டும் என்பதை ஆசிரியர்களே முதலில் தீர்மானித்தார்கள் என்பது சிறிய செய்தி அன்று.

இன்று சேர்வது

ஏ.சி.டி.இ. ஒரு தொழிற்சங்கம் அன்று. சம்பளத்துக்காகப் பேரம் பேசுவது 1857-ல் தோன்றிய தேசியக் கல்விச் சங்கம், 1916-ல் தோன்றிய அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பு போன்றவற்றின் வேலை. ஓர் ஆசிரியர் இரண்டிலும் உறுப்பினராக இருக்கத் தடையில்லை. ஆண்டுச் சந்தா செலுத்திச் சேர்பவர் தம் பாடத்துக்குரிய பிரிவைத் தேர்ந்தெடுக்கிறார். நாடு ஐந்து மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளதால், அவர் வாழும் மாநிலத்துக்கேற்ப ஒரு மண்டலத்திலும் இடம்பெறுகிறார். மாநிலந்தோறும் கிளைச் சங்கங்கள் உண்டு. பயிற்சி நிலையில் உள்ள மாணவ ஆசிரியர்களும், ஓய்வுபெற்றவர்களும் சேரலாம்.

'டெக்னிக்ஸ்' என்ற இதழ், ஆண்டு மாநாடு, மண்டல மாநாடுகள், சிறந்த ஆசிரியருக்கும் புதிய ஆசிரியருக்கும் விருதுகள் ஆகியவை உறுப்பினருக்குக் கண்ணில் படும் பயன்கள். ஒரு தொழிற்பாடத் திட்டம் தரமானதா என்று ஆசிரியர்களே சோதித்துப் பார்க்க 12 கூறுகள் கொண்ட அளவுகோல் ஒன்றையும் சங்கம் வகுத்துள்ளது. தொழில் அனுபவத்தையே தகுதியாகக் கொண்டு வருவோருக்குப் பல மாநிலங்கள் இன்றும் ஆசிரியர் உரிமம் வழங்குகின்றன. ஆகவே 1917-ன் கடைசல்காரர் எதிர்கொண்ட அதே நிலையில்தான், இன்று மருத்துவமனையிலிருந்து வகுப்பறைக்கு வரும் செவிலியரும் நிற்கிறார்.

மதிப்பீடு

இச்சங்கத்தின் வரலாறு மாணவர்களுக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. முதலாவது, ஒரு துறை ஆசிரியர்கள் அமைப்பாகச் சேரவில்லை என்றால், அவர்களின் பாடம் என்ன, தகுதி என்ன, பெயர் என்ன என்பதை மற்றவர்கள் முடிவு செய்வார்கள். 1906 முதல் 1917 வரை அதுதான் நடந்தது. இரண்டாவது, சேர்ந்தபின் அச்சங்கம் தன் உறுப்பினரை மட்டுமே பார்த்தால், மாணவரையும் வெளியே நிற்கும் சக ஆசிரியரையும் மறந்துவிடும். 1930-களின் விமர்சனமும் 1965-ன் இணைப்பும் அதைக் காட்டுகின்றன.

டூயி எழுப்பிய கேள்விக்கு எந்தச் சட்டமும் முழு விடை தரவில்லை. தொழில் கற்கும் பிள்ளை சிந்திக்கவும் கற்கிறதா என்பது ஒவ்வொரு பட்டறையிலும் அன்றாடம் முடிவாகிறது. அதை முடிவு செய்பவர் அங்கே நிற்கும் ஆசிரியர். அவர் தனியாக நிற்கிறாரா, துணையோடு நிற்கிறாரா என்பதில்தான் சங்கத்தின் பயன் இருக்கிறது.